ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

எங்கள் வீட்டு யு.பி.எஸ். நாலு மாசமாகக் கத்திக்கொண்டிருந்தது. 'பேட்டரி சாகப்போகிறது, மாற்றித் தொலை' என்பதைத் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் 'கீங்... கீங்...' என்று சொல்லிப் பார்த்தது. நான் என்ன செய்தேன்? பேட்டரியை மாற்றவில்லை. யு.பி.எஸ்.ஸையே கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை நேரே சுவரில் சொருகிவிட்டேன். வீடு நிசப்தமாயிற்று. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சம் பிடித்த திருப்தியில் அன்று இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இது 2023 ஆகஸ்டில். கும்பகோணத்தில் ஆகஸ்ட் மாசம் மழை வருமோ வராதோ, மழை வரப்போகிறது என்று வதந்தி கிளம்பினாலே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டர் 'அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, அணைத்துவிடாதே' என்று அறிவித்து 30 சதவீதத்தில் நின்றது. அது சொன்னதை நான் மதித்தேன். மின்சாரம் மதிக்கவில்லை.

கரண்ட் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. அதாவது, விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, ஸ்கிரீனில் மட்டும் நீலமாக ஒரு அறிக்கை. இங்கிலீஷில் இருந்ததன் சாராம்சம் இதுதான்: 'உங்கள் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வேண்டும். பூட் விவரங்கள் உள்ள ஃபைல் சரியில்லை. இன்ஸ்டலேஷன் டிஸ்க்கோ யு.எஸ்.பி.யோ வைத்திருந்தால் அதிலுள்ள ரிப்பேர் கருவிகளை உபயோகிக்கவும். இல்லையென்றால் உங்கள் பி.சி. அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும்.' கீழே ஒரு நம்பர். ஸீரோ, எக்ஸ், சி, அப்புறம் வரிசையாக முட்டை.

"யாருங்க அட்மினிஸ்ட்ரேட்டர்?" என்றாள் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து.

எங்கள் வீட்டில் அது 34 வருஷமாகத் தீராத கேள்வி. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் சந்தேகமே இல்லை. "நான்தான்" என்றேன்.

"அப்ப தொடர்பு கொள்ளுங்க."

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. காரணம், அந்தப் பெட்டிக்குள் அம்மா இருந்தாள்.

2016 கோடையில் ஒரு யோசனை தோன்றி அம்மாவை ஊஞ்சலில் உட்காரவைத்து, செல்போனை எதிரே ஸ்டூலில் சாய்த்துவைத்து, அவள் பேசுவதைப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். மொத்தம் 43 பதிவுகள். நார்த்தங்காய் உப்பு போடும் விதம், என் பாட்டனாரின் இரண்டாவது கல்யாணத்தில் நடந்த சண்டை, 77-ம் வருஷப் புயலில் மாட்டுக்கொட்டகை பறந்தது, என் தங்கைக்குப் பாடிய தாலாட்டு, அதற்கு நடுவே வாசலில் வந்த கீரைக்காரியிடம் பேரம், எல்லாம் உண்டு. 17-ம் நம்பர் பதிவு முழுக்க ஒரு பித்தளை அண்டாவைப் பற்றியது. கல்யாணத்துக்கென்று இரவல் போன அண்டா திரும்பி வரவேயில்லை. யார் வாங்கிப் போனார்கள் என்று அம்மாவுக்கு மூன்று பேர் மேல் சந்தேகம். அந்த மூன்று பெயர்களையும் இங்கே எழுத முடியாது. மூவருமே சௌக்கியமாக இருக்கிறார்கள்; பத்திரிகையும் படிக்கிறார்கள்.

அம்மா 2019-ல் போய்விட்டாள். பதிவு செய்த போனும் அப்புறம் ஒரு நாள் போயிற்று. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டரில் இருந்த ஒரே பிரதி. "பென் டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சுக்கோங்கப்பா" என்று பெங்களூரிலிருந்து பையன் மூன்று தீபாவளிக்குச் சொல்லிவிட்டான். நாளைக்குப் போடலாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு கடைக்குப் போனேன். கடைத் தம்பி நல்லவன். வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே நீல ஸ்கிரீனைப் பார்த்தான். மூன்று வினாடிதான் பார்த்தான்.

"ஃபார்மட் பண்ணிடலாம் சார். எண்ணூறு ரூபா. சாயந்தரம் வந்து வாங்கிக்குங்க, புது மிஷின் மாதிரி ஓடும்."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"சி டிரைவ் போயிடும் சார். டி டிரைவ்ல இருந்தா ஒண்ணும் ஆகாது. எதுல வெச்சிருந்தீங்க?"

நான் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். கண்ணெதிரே இருந்தால் பத்திரம் என்று. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் சாதாரண ஒரு ஃபோல்டர்தான் என்பது, கம்ப்யூட்டருடன் 27 வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவன் மேஜையில் ஏற்கெனவே பதினோரு பெட்டிகள். பதினோரு பேருக்கும் அன்று சாயங்காலமே வேண்டும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து என்ன கெட்டது என்று தேடினால் எண்ணூறு ரூபாய்க்குக் கட்டுப்படியாகாது. அழித்துப் புதிதாகப் போடுவது ஒரு மணி நேர வேலை. 'எதுல வெச்சிருந்தீங்க' என்று கேட்டானே, அதற்கே அவனுக்குக் கோயில் கட்டலாம். கேட்காமல் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் பல்வலி என்று போனவனிடம் 'தலையை மாத்திடலாம் சார், புதுத் தலை நல்லாக் கடிக்கும்' என்று சொன்ன மாதிரி இருந்தது. பெட்டியைத் திரும்ப ஸ்கூட்டரில் ஏற்றினேன்.

வீட்டில் பையன் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் ஒரு வீடியோவைப் பார்த்து நானே வைத்தியத்தில் இறங்கினேன். விஷயம் சுலபமாகத்தான் தோன்றியது. இன்டர்நெட்டிலிருந்து விண்டோஸை இறக்கி ஒரு பென் டிரைவில் ஏற்ற வேண்டும். அந்தப் பென் டிரைவிலிருந்து சீக்காளி கம்ப்யூட்டரைக் கிளப்ப வேண்டும். 8 ஜி.பி.யாவது கொள்ளளவு வேண்டும் என்றார் வீடியோக்காரர். என்னிடம் இருந்தது நாலு. சமையலறை ஸ்பீக்கரில் சொருகியிருந்தது பதினாறு. எடுத்தேன்.

முதல் முயற்சியில் இறக்கிய ஃபைலை அப்படியே இழுத்துப் பென் டிரைவில் போட்டேன். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவேயில்லை. அப்படிப் போட்டால் ஆகாதாம். பூட் ஆகும் விதமாக எழுதித் தருவதற்கென்றே தனிப் புரோகிராம் இருக்கிறதாம். அதை ஓட்டினேன். 'இதிலுள்ள அத்தனையும் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கேட்டது. சம்மதித்தேன்.

அதில் மனைவி பத்து வருஷமாகச் சேர்த்த 312 பாட்டுகள் இருந்தன.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எல்லாமேவா?" என்று மட்டும் கேட்டாள். மத்தியானம் வத்தக்குழம்பில் உப்பு இல்லை. நானும் உப்பைக் கேட்கவில்லை.

பென் டிரைவ் தயாராகிவிட்டதே, அதுவரை லாபம் என்று சீக்காளியில் சொருகினேன். தோதான கீயைத் தட்டினால்தான் எதிலிருந்து கிளம்புவது என்று கேட்குமாம். அந்தக் கீ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒருத்தருக்கு எஃப் 12, ஒருத்தருக்கு எஸ்கேப், இன்னொருத்தருக்கு டெலீட். நான் மூன்றையும் ஹார்மோனியம் மாதிரி வாசித்ததில் எதுவோ ஒன்று பலித்தது. ஊதா நிறத்தில் ஒரு ஸ்கிரீன் வந்தது. நட்டநடுவே பெரிதாக 'இன்ஸ்டால் நௌ' என்று ஒரு பட்டன். மௌஸை அங்கே கொண்டுபோன சமயம்...

"அங்கிள், ஸ்டாப்! அதைத் தொடாதீங்க!"

எதிர் வீட்டுப் பெண். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். காபிப்பொடி இரவல் வாங்க வந்தவள் அப்படியே டம்ளரும் கையுமாக நின்றாள். என்ன நடந்தது என்று விசாரித்தாள். சொன்னேன். சமையலறை வரை கேட்காத குரலில் பாட்டு விஷயத்தையும் சொன்னேன்.

"அந்த பட்டன் புதுசா விண்டோஸ் போடறதுக்கு. போற வழியில ஒரு கிளிக் தப்பாப் போனா உங்க டிஸ்க் காலி. நமக்கு வேண்டியது கீழே மூலையில சின்னதா இருக்கு பாருங்க, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்'னு. ஆனா அது கூட இப்ப வேணாம். முதல்ல வேற வேலை இருக்கு."

"என்ன?"

"வீடு பத்திக்கிச்சுன்னா முதல்ல ஆளுங்களை வெளியே கொண்டு வருவாங்க, இல்ல உத்தரத்தை ரிப்பேர் பண்ணுவாங்களா? பாட்டியை வெளியே எடுப்போம் அங்கிள். அப்புறம் விண்டோஸைப் பாத்துக்கலாம்."

பாட்டி என்றது என் அம்மாவை. எதிர் வீட்டுத் திண்ணையில் அவளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தது என் அம்மாதான்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் சாவிக்கொத்தை எடுத்து வந்தாள். அதில் தொங்கிய பென் டிரைவ் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் இருந்தது. கூடவே 64 ஜி.பி.யில் காலிப் பென் டிரைவ் ஒன்று. பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டாள். 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் டிஸ்க்கே சாகக்கிடக்கிறது என்று அர்த்தம், அப்புறம் அதைத் தொடுவதே ஆபத்து என்றாள். சத்தம் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"உள்ளே இருக்கிற விண்டோஸே எழுந்திரிக்கலை. இது மட்டும் எப்படிம்மா ஓடும்?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரின் மெமரியில் ஒன்றுமே இருக்காது. மதர்போர்டில் உள்ள சின்னப் புரோகிராம் ஒன்று மட்டும் விழித்துக்கொண்டு, 'என்னைக் கிளப்பிவிட இங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று கதவு கதவாகத் தட்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஆள் இருந்தால் அவர் வந்து அடுத்தவரை எழுப்புவார், அவர் அதற்கடுத்தவரை. கடைசியில் விண்டோஸே எழுந்து உட்காரும். பூட் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். தன் பூட்ஸ் வாரைத் தானே இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வதாக இங்கிலீஷ்காரர்கள் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பூட்ஸ் ஏது? கிணற்றில் விழுந்தவன் தன் குடுமியைத் தானே பிடித்துத் தூக்கி மேலே வந்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கேஸில் குடுமிதான் அறுந்திருந்தது. ஆள் உள்ளே பத்திரம். அதனால் வெளியிலிருந்து ஒரு கயிறு போட்டால் போதும். மதர்போர்டுக்கு ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றுதான், பென் டிரைவும் ஒன்றுதான். எந்தக் கதவு திறக்கிறதோ அங்கே நுழையும்.

இரண்டு நிமிஷத்தில் என்னுடைய ஸ்கிரீனில் முன்பின் தெரியாத முகம். 'ட்ரை' என்று ஒரு பட்டன், 'இன்ஸ்டால்' என்று ஒரு பட்டன். "முதல் பட்டன்தான் நமக்கு. ரெண்டாவது பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க" என்றாள். ட்ரை கொடுத்ததும் மொத்த சிஸ்டமும் பென் டிரைவிலிருந்தே ஓட ஆரம்பித்தது. நம் வீட்டு அடுப்பில், நம் பாத்திரத்தில், வெளியூர் சமையல்காரர் வந்து சமைக்கிற மாதிரி. வேலை முடிந்து அவர் போய்விட்டால் வந்துபோன சுவடே இருக்காது. ஹார்ட் டிஸ்க்கை 'படிக்க மட்டும்' என்ற முறையில் திறந்தாள். பதற்றத்தில் யாராவது (என்னைப் பார்த்தாள்) எதையாவது தட்டினாலும் அதில் ஒரு எழுத்துகூட மாறாதாம்.

ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போனாள். அங்கே 'அம்மா' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே 43.

அதை முதலில் காப்பி செய்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "காப்பி ஆயிடுச்சுன்னு அது சொன்னாப் போதாது அங்கிள், திறந்து பாக்கணும்" என்று பென் டிரைவில் ஏதோ ஒரு ஃபைலைத் தட்டினாள்.

'ஓடுதாடா அது? செவப்பா ஒண்ணு எரியும்பியே, எரியலையே? ஓடலைன்னா இப்பவே சொல்லு, தொண்டைத் தண்ணி வத்த நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்...'

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. ஈரக்கையோடு மனைவி வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள். "அத்தை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா அண்டா விஷயத்தை ஆரம்பித்துவிட்டாள். முழுசாகக் கேட்டோம். எதிர் வீட்டுப் பெண் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டோக்கள் 40 ஜி.பி. அவை நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காபி வந்தது. சர்க்கரை சரியாகவே இருந்தது. அந்த இடைவெளியில் அந்தப் பெண்ணுக்கு எங்கள் காலத்து வீரதீரங்களைச் சொன்னேன்.

1996-ல் நான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஏ.சி. ரூமில், பட்டுத்துணி போர்த்தி இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை அது 'இது சிஸ்டம் டிஸ்க் இல்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து' என்று கறுப்பு ஸ்கிரீனில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டது. செயலாளர் பயந்துபோய் யாரும் தொடக் கூடாது என்று ரூமைப் பூட்டிவிட்டார். திருச்சிக்குப் போன் போட்டு, இரண்டு நாள் கழித்து இன்ஜினீயர் பஸ்ஸில் வந்தார். உள்ளே போனார். ஃப்ளாப்பி டிரைவில் யாரோ மறந்து விட்டுப்போன ஃப்ளாப்பியை உருவினார். ஒரு கீயைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஓடியது. பில் முந்நூறு ரூபாய், பஸ் சார்ஜ் தனி. அந்தக் கால மிஷின்கள் ஃப்ளாப்பிக் கதவைத்தான் முதலில் தட்டும். உள்ளே ஃப்ளாப்பி இருந்து, அதில் சிஸ்டம் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஃப்ளாப்பியை விட்டுப்போன ஆசாமி யார் என்று பெரிய விசாரணை நடந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். நான்தான்.

இன்ஜினீயர் போகும்போது ஒரு உபகாரம் செய்தார். 1.44 எம்.பி. ஃப்ளாப்பி ஒன்றில் ஸ்டார்ட்டப் டிஸ்க் போட்டுக் கொடுத்து, 'ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணா இதைப் போட்டு எழுப்புங்க' என்றார். மூலையில் இருந்த சின்னக் கட்டையைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வைத்தார். அப்படி வைத்தால் அதில் எதுவும் எழுத முடியாது. வைரஸ் பயம்! ஐ.பி.எம். பி.சி.க்களைத் தாக்கிய முதல் வைரஸ் என்று பெயர் வாங்கிய 'பிரெய்ன்', 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதியது. ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில்தான் அது குடியிருக்கும். எழுதியவர்கள் அதற்குள் தங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் வேறு போட்டிருந்தார்கள். திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன கதை. மருந்து பாட்டிலிலேயே கிருமி ஏறிவிட்டால் வைத்தியம் எப்படி நடக்கும்? அதனால்தான் அந்தக் கட்டை. செயலாளர் அந்த ஃப்ளாப்பியைப் பணப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"அதுல விண்டோஸே ஓடுமா அங்கிள்?"

எங்கே ஓடும்? 'ஏ' என்று ஒரு எழுத்து, பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு, அவ்வளவுதான். முழு சிஸ்டமும் டிஸ்க்கைத் தொடாமல் வெளியிலிருந்தே ஓடுவதை ஊரெல்லாம் பிரபலமாக்கியது 2000-ல் வந்த நாப்பிக்ஸ். க்ளவுஸ் நாப்பர் என்ற ஜெர்மனிக்காரர் லினக்ஸை ஒரு சி.டி.யில் அடைத்து, போட்டதும் ஓடும்படி செய்தார். பையன் காலேஜ் படித்தபோது அந்த சி.டி. ஒன்று வீட்டில் கிடந்தது. நான் அதை டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டோக்கள் வந்து சேர்ந்தன. பத்து போட்டோவைத் திறந்து பார்த்துவிட்டு லினக்ஸுக்கு விடை கொடுத்தாள். இப்போது மனைவியின் பாட்டுகளைத் தின்ற பென் டிரைவுக்கு வேலை வந்தது.

ரிப்பேர் பகுதிக்குள் போய் முதலில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்பதை ஓடவிட்டாள். அது ரொம்ப யோசித்துவிட்டு 'என்னால் முடியவில்லை' என்று கையை விரித்தது. "பெரும்பாலும் இப்படித்தான் சொல்லும். ஒரு சான்ஸ் குடுக்கலாம், தப்பில்ல" என்று கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். 1996-க்கே திரும்பிப் போன மாதிரி எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அங்கே டிரைவ் பெயர் சி இல்லை, எக்ஸ். அதுவும் மெமரியில் தற்காலிகமாக ஓடுகிற ஒரு குட்டி விண்டோஸ்தானாம்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். நம்முடைய சி டிரைவ், இந்த ஜன்னலிலிருந்து பார்க்கும்போது சி-யாகவே இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எங்கள் வீட்டில் அது டி என்று வேஷம் போட்டிருந்தது. இது தெரியாமல் வீடியோவைப் பார்த்து அட்சரம் பிசகாமல் சி என்று அடித்திருந்தால், வேறு எதையோ போய் நோண்டியிருப்பேன். அவள் 'டிஸ்க்பார்ட்' என்பதை ஓட்டிப் பட்டியலைப் பார்த்தாள். அதில் சப்தமில்லாமல் 100 எம்.பி.யில் ஒரு சின்ன அறை இருந்தது. கம்ப்யூட்டரைக் கிளப்புகிற ஃபைல்கள் குடியிருப்பது அதில்தான். சாதாரணமாக அது நம் கண்ணில் படாது. அதற்கு 'எஸ்' என்று ஒரு எழுத்தைக் கொடுத்தாள். "இந்த டிஸ்க்பார்ட்ல 'க்ளீன்'னு ஒரு வார்த்தை அடிச்சா, தேர்ந்தெடுத்து வெச்ச டிஸ்க்கோட பாகப்பிரிவினையே போயிடும் அங்கிள். கேள்வியெல்லாம் கேட்காது" என்றாள். நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

அப்புறம் 'செக்டிஸ்க்' இருபது நிமிஷம் ஓடி, கரண்ட் போனபோது சிதறிய கணக்குகளைச் சரிசெய்தது. கடைசியாக 'பிசிடிபூட்' என்று ஆரம்பித்து ஒரே ஒரு வரி. டி-யில் இருக்கும் விண்டோஸைப் பார்த்து, எஸ் அறையில் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுது என்று அதற்கு அர்த்தம். என்டர் தட்டினாள். ஒரு வினாடி. 'பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன' என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். எண்ணூறு ரூபாய்க்கு என் அம்மாவைத் துடைக்க இருந்த வியாதிக்கு மருந்து ஒரு வரி.

பென் டிரைவை உருவிவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன், அணைத்துவிடாதே' என்று அரைகுறை அப்டேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய விண்டோஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது. அரை மணியில் வலது மூலையில் ஒரு துண்டு அறிவிப்பு: 'அப்டேட்கள் தயார்.' நான் வானத்தைப் பார்த்தேன். மேகமாக இருந்தது. 'அப்புறம்' என்று தட்டினேன்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் அங்கிள். பழைய மிஷின்கறதால டிஸ்க்குல பூட்டு இல்ல" என்றாள். அந்தப் பேச்சு 2024-ல்தான் எனக்கு உறைத்தது. அந்த வருஷம் ஜூலை 19-ம் தேதி ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேரின் கோளாறான அப்டேட்டால் உலகமெங்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலமாகி நின்றன. மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கு சுமார் 85 லட்சம். நம் ஊர் ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்னவோ ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். ஆனால் எழுந்திருக்காத மிஷினில் எப்படி அழிப்பது? ஏகப்பட்ட மிஷின்களில் ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டியிருந்தது. அதற்கென்றே பென் டிரைவில் போட்டுக்கொள்ள ஒரு கருவியை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. டிஸ்க் பூட்டியிருந்த இடங்களில் அதுவும் போதவில்லை. 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது. இப்போது வருகிற விண்டோஸ் 11 மிஷின்கள் பலவற்றில் நாம் கேட்காமலேயே அந்தப் பூட்டு போட்டிருக்கும். திருடனுக்கு நல்ல பூட்டு. நமக்கும்தான். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த எண் இருக்கிறதா என்று மிஷின் நன்றாக ஓடும்போதே பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மிஷினுக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள். நான் செய்யக்கூடிய ஆள் என்பதால் சொல்கிறேன்.

மிச்சக் கதை சுருக்கம். யு.பி.எஸ்.ஸைப் பரணிலிருந்து இறக்கி பேட்டரி மாற்றினேன். விண்டோஸ் பென் டிரைவும், அந்தப் பெண் எனக்கென்று தனியாகப் போட்டுக்கொடுத்த உபுண்டுவும் பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மனைவி இரண்டிலும் 'இது பாட்டு இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு 32 ஜி.பி.யில் புதுசு வாங்கிக் கொடுத்தேன். 312-ல் இதுவரை 190 தேறியிருக்கிறது. மிச்சத்துக்கு எனக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

அம்மாவை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று என்னிடம். ஒன்று பையனுக்கு. மூன்றாவதைத் தஞ்சாவூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். அவள் தினம் ராத்திரி ஒன்றிரண்டாகக் கேட்டு வந்தாள். தாலாட்டைக் கேட்டுவிட்டுப் போனில் அழுதாள். புயலைக் கேட்டுவிட்டுப் போன் பண்ணினாள். நார்த்தங்காயில் ஒரு சந்தேகம் கேட்டாள். அப்புறம் ஒரு வாரம் போனே இல்லை.

எட்டாம் நாள் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கை இறங்கினாள். பின்னாலேயே டிரைவர் மூச்சுத் திணற எதையோ தூக்கி வந்து திண்ணையில் 'ணங்'கென்று வைத்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்தது.

"பதினேழாவது கேட்டேண்ணா" என்றாள். "எங்க மாமியார் பரண்ல இருந்தது. யார் வீட்டுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அம்மாவின் மூன்று சந்தேகங்களில் அந்த மாமியார் பெயரே இல்லை. அண்டா இப்போது எங்கள் பரணில், யு.பி.எஸ். இருந்த இடத்தில் இருக்கிறது.